பதினேழு கிலோ மிச்சம்

வீட்டுப் பட்டறையில் சிஎன்சி ஆக்கிய மில்லிங் மெஷின்களில் எக்ஸ், ஒய் அச்சுகள் அவ்வளவாகப் படுத்துவதில்லை. அவை படுக்கையாக ஓடுகின்றன. உரசல் ஒன்றைத்தான் சமாளிக்க வேண்டும். "அண்ணே, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்று எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை இசட் அச்சைப் பற்றியவை. தலை மேலே ஏறும்போது ஒரு மாதிரி, கீழே இறங்கும்போது வேறு மாதிரி. அதுதான் புகார்.

அறிகுறி எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பிளேட்டில் வரிசையாக 6 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடுகிறார்கள். முதல் சில துளைகள் சுத்தமாக வரும். நடுவில் ஒன்று 6.1 ஆகும், பிறகு 6.2. பிளேட் முடிவதற்குள் 6.4-இல் வந்து நிற்கும். உடனே சாஃப்ட்வேரைச் சந்தேகிப்பார்கள். கேபிளில் நாய்ஸ் என்பார்கள். டிரைவரை மாற்றிப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது இதுதான்: "ஆழம் கூடுதா, குறையுதா?" எப்போதும் கூடுகிறது, ஒரு தடவைகூடக் குறைவதில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை. அடுத்த கேள்வி, "எவ்வளவு எவ்வளவா கூடுது?" 0.1 மி.மீ. கணக்கில் தாவித் தாவிக் கூடுகிறது என்றால் விஷயம் முடிந்தது.

காரணம் ஸ்டெப்பர் மோட்டாரின் பிறவிக் குணம். சாதாரண 1.8 டிகிரி ஸ்டெப்பருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். சுமை தாங்காமல் பிடி விட்டால் அது ஒன்று இரண்டாக விடாது. அடுத்த காந்தப் பிடிமானம் நாலு முழு ஸ்டெப் தள்ளி இருப்பதால் நாலு நாலாகத்தான் விடும். 5 மி.மீ. லீட் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும், பால் ஸ்குரூவில் நாலு ஸ்டெப் என்பது சரியாக 0.1 மி.மீ. தலை மேலே ஏறும்போது பிடி விடுகிறது. 25 மி.மீ. ஏறிவிட்டதாகக் கம்ப்யூட்டர் நம்புகிறது, நிஜத்தில் 24.9 தான் ஏறியிருக்கிறது. அங்கிருந்து கணக்குப்படி இறங்கினால் துளை 0.1 ஆழம் கூடத்தானே செய்யும்? கொஞ்சம் கொஞ்சமாக, தாவாமல் நழுவினால் அது கப்ளிங் ஸ்குரூ லூசாக இருப்பது. தாவினால் எடைப் பிரச்சினை.

இந்த மெஷின்கள் எங்கிருந்து வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இரும்புத் தொழில் அடுக்கடுக்காக வந்தது. 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றையும் பாடியில் உள்ள கம்பெனிகளையும் நம்பி நூற்றுக்கணக்கான ஜாப் ஒர்க் பட்டறைகள். பெரிய இடங்களில் புது விஎம்சி (வெர்டிகல் மெஷினிங் சென்டர்) வந்திறங்கும்போது பழைய மில்லிங் மெஷின் சின்னப் பட்டறைக்குப் போகும். சின்னப் பட்டறை மூடும்போது காயலான் கடைக்குப் போகும். அங்கே அதற்குக் கிலோ கணக்கில்தான் விலை. திருமுல்லைவாயல், அயப்பாக்கம், பட்டாபிராம், பூந்தமல்லி என்று வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, அந்த மெஷினுக்கு மோட்டாரும் பால் ஸ்குரூவும் மாட்டி ஓட்டுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள். பாடியில் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான்.

என்னுடையது நெடுந்தூணின் டவ்டெயிலில் தலை முழுவதுமாக ஏறி இறங்கும் பழைய தைவான் மில். தலையில் கியர் பாக்ஸ், ஸ்பிண்டில் மோட்டார் எல்லாம் சேர்ந்தே இருக்கும். கையால் ஓட்டிய காலத்தில் அதற்குச் சாதாரண ஸ்குரூ. அந்த ஸ்குரூவில் பாதி உழைப்புக்கு மேல் உரசலில் போகும். ஆனால் அந்த உரசலே காவலாகவும் இருந்தது. கைப்பிடியை விட்டால் தலை விட்ட இடத்தில் நிற்கும். பால் ஸ்குரூ அப்படி இல்லை. அதன் திறன் 90 சதவீதம். மோட்டார் ஸ்குரூவைச் சுற்றினால் தலை எவ்வளவு சுலபமாக ஏறுகிறதோ, தலையின் எடை ஸ்குரூவைத் திருப்பிச் சுற்றுவதும் அவ்வளவு சுலபம். பேக்லாஷ் குறையும் என்று பால் ஸ்குரூ மாட்டுகிறவர்கள் கூடவே ஒரு காவலைக் கழற்றி எறிகிறோம் என்பதை யோசிப்பதில்லை.

2012-இல் சென்னையில் தினமும் 2 மணி நேர மின்வெட்டு இருந்த காலத்தை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் மறக்க மாட்டார்கள். கரண்ட் போன நொடியில் மோட்டாரின் பிடி போகும். தலை வழுக்கிக்கொண்டு இறங்கும். அடியில் ஜாப் இருந்தால் கட்டர் அதில் குத்தி நிற்கும். கார்பைடு எண்ட் மில் என்றால் முனை போச்சு. மின்வெட்டு நேரம் தெரிந்தபோது முன்கூட்டியே தலைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் போன மாதிரி, நேரம் சொல்லாமல் போகும் கரண்டுக்கு மரக்கட்டை எடுக்க ஏது நேரம்?

எந்த மருந்துக்கும் முன்னால் எடை பார்க்க வேண்டும். பெரிய தராசு தேவையில்லை. பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசில் 200 கிலோ தாங்குவது ஒன்று போதும். பால் ஸ்குரூவின் நட்டைத் தலையிலிருந்து கழற்றிவிட்டு, தலையின் ஐ-போல்ட்டில் தராசை மாட்டி, தராசைச் செயின் பிளாக்கில் தொங்கவிடுவேன். செயின் பிளாக்கை மெதுவாக இழுத்துத் தலை மேலே போய்க்கொண்டிருக்கும்போது தராசில் ஒரு எண் ஓடும். என் மெஷினில் 74 கிலோ. பிறகு செயினைத் தளர்த்தி, தலை கீழே வந்துகொண்டிருக்கும்போது பார்த்தால் 50 கிலோ. நிற்கும்போது காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அது இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஏறும்போது எடையோடு உரசலும் சேர்கிறது. இறங்கும்போது உரசல் எடையைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்தால் 62 கிலோ, அதுதான் தலையின் எடை. இரண்டின் வித்தியாசத்தில் பாதி 12 கிலோ, அதுதான் டவ்டெயிலின் உரசல். முதல் எண்ணை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த வேலையில் முடிவெடுப்பது அந்த இரண்டாவது எண்தான்.

இந்த அளவை எடுப்பதற்கு முன் டவ்டெயிலின் இடைவெளியைப் பிடிக்கும் ஜிப் பட்டையைச் சரிசெய்து, 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் விட்டு, தலையை நெடுக்க நாலைந்து தடவை ஏற்றி இறக்கிவிட வேண்டும். காய்ந்த டவ்டெயிலில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

இப்போது மோட்டாரின் கணக்கு. 62 கிலோ என்றால் சுமார் 608 நியூட்டன். 5 மி.மீ. லீட் ஸ்குரூவில் அதைத் தூக்கிப் பிடிக்கவே 0.54 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். உரசலுக்கு 0.10. வேகமெடுக்க, நான் வைத்திருக்கும் முடுக்கத்தில், ஏறக்குறைய 0.3. ஆக ஏறுவதற்கு 0.95. மோட்டார் 86 ஃபிரேம், பெட்டியில் 4.5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். நின்ற நிலையில் அது உண்மை. சுற்று ஏற ஏற ஸ்டெப்பரின் டார்க் சரிந்துகொண்டே போகும். 48 வோல்ட் சப்ளையில், தலை நிமிடத்துக்கு 4 மீட்டர் ஓட வேண்டும் என்று 800 சுற்றில் விரட்டினால், கையில் மிஞ்சுவது 1 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். இறங்கும்போது எடையே தள்ளிக்கொடுப்பதால் மோட்டாருக்கு வேலையே இல்லை. ஏறும்போது மட்டும் விளிம்பில் நிற்கிறது. கொஞ்சம் எண்ணெய் காய்ந்தால், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால், நாலு ஸ்டெப் போச்சு.

பெரிய மோட்டார் போடலாம்; தலையின் வேகம் குறைந்தால் பரவாயில்லை என்றால் பெல்ட் புல்லி வைத்து இரண்டுக்கு ஒன்று குறைக்கலாம். ஏறும் பிரச்சினை தீரும். கரண்ட் போனால் விழும் பிரச்சினை அப்படியே இருக்கும். மோட்டாரின் பின்னால் 24 வோல்ட் பிரேக் போட்டால் விழுவது நிற்கும். ஏறுவது அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் பிடிப்பது எடைக்கு எதிர் எடை கொடுப்பதுதான். பட்டறை வழக்கில் கவுண்டர் வெயிட். எல்லா வீட்டுப் பட்டறையிலும் இதன் சின்ன வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பெஞ்சு டிரில்லில் கைப்பிடியை விட்டதும் ஸ்பிண்டில் தானாக மேலே போகிறதே, பக்கவாட்டு டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் தகட்டு ஸ்பிரிங்கின் வேலை அது.

எதிர் எடை கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கார் டிக்கியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட், காற்று சிலிண்டர், செயினில் தொங்கும் இரும்புக் கட்டி.

கேஸ் ஸ்ட்ரட் மாட்டுவது ஒரு மாலை வேலை. அதன் மேலேயே எத்தனை நியூட்டன் என்று அச்சடித்திருக்கும். ஆனால் அந்த எண் ஸ்ட்ரட் முழுக்க நீண்டிருக்கும்போது உள்ளது. அமுங்க அமுங்க உள்ளே இருக்கும் நைட்ரஜன் இறுகி, கடைசியில் 30 சதவீதம்வரை கூடிவிடும். 600 நியூட்டன் ஸ்ட்ரட் தலையை உச்சியில் 61 கிலோவுக்குத் தாங்கும்; அடியில் 79 கிலோவுக்குத் தள்ளும். 62 கிலோத் தலை மேலே இருக்கும்போது கனமாகவும், கீழே வந்தால் மிதக்கவும் செய்யும். போதாததற்கு வெயில். டிசம்பர் காலையில் 20 டிகிரி, மே மதியம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் 40 டிகிரிக்கு மேல். 20 டிகிரி வித்தியாசத்துக்கு வாயுவின் அழுத்தம் சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது 4 கிலோ. போகப்போக வாயு கசிந்து குறைவது தனி.

கட்டியாகத் தொங்கும் இரும்புக்கு இந்த வெயில் மழை எதுவும் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளப் பாடம் படிக்க வேண்டாம். அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஆவடிவரை லோக்கல் ட்ரெயினில் ஜன்னலோரமாக வந்தால் போதும். மேலே போகும் 25,000 வோல்ட் கம்பி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். தொய்ந்தால் ரயிலின் பான்டோகிராஃப் சிக்கும். அதனால் ஆங்காங்கே கம்பி முடியும் கம்பங்களில் கப்பி போட்டு, வட்டவட்டமான எடைகளை அடுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்றுக்கு ஒன்று கப்பி அமைப்பில் 665 கிலோ எடை தொங்கி, இரண்டு டன் இழுப்பை எந்த நேரமும் மாறாமல் கொடுக்கிறது. கம்பி நீண்டால் எடை கீழே வரும், சுருங்கினால் மேலே போகும், இழுப்பு மட்டும் அதேதான். ஸ்பிரிங்கோ வாயுவோ இடத்துக்கு இடம் விசை மாற்றும். எடைக்கு எல்லா உயரத்திலும் ஒரே விசை.

"எடை போட்டா மெஷின் மந்தமாயிடும் சார், 62 கிலோ 110 ஆயிடுமே" என்று பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பெரிய விஎம்சிகளில் முன்பு தூணுக்குள் செயினில் எடை தொங்கியது. இப்போது வருகிற வேக மெஷின்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு, பிரேக் வைத்த செர்வோ மோட்டாரை நம்புகிறார்கள். அவர்கள் செய்தது அவர்கள் ஸ்குரூவுக்குச் சரி. மோட்டார் பார்வையில் ஒரு எடையின் மந்தம் லீட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மி.மீ. லீட்டில் 62 கிலோத் தலையின் மந்தம் 0.4 கிலோ சதுர சென்டிமீட்டர்தான். மோட்டாரின் ரோட்டரே அதைப் போலப் பல மடங்கு, 25 மி.மீ. ஸ்குரூத் தண்டு மட்டுமே 1.5. அதனால் இன்னும் 45 கிலோ தொங்கவிட்டாலும் மோட்டாருக்குத் தெரியாது. 16 மி.மீ. லீட் போட்ட மெஷினில் அதே எடை பத்து மடங்காகத் தெரியும். அங்கே அவர் கேட்டது நியாயம்.

இன்னொரு பயம், தலை கீழே பாய்ந்து வந்து சட்டென்று நின்றால், மேலே போய்க்கொண்டிருக்கும் எடை துள்ளிச் செயின் தளரும் என்பது. நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் துள்ளல் கால் மில்லிமீட்டர்கூட வராது. நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம் இந்தக் கவலையை.

இனி முக்கியமான கேள்வி. எவ்வளவு எடை? 62 கிலோவுக்கு 62 கிலோ என்பதுதான் எல்லோர் மனதிலும் முதலில் வரும் பதில். தலை ஒற்றை விரலால் ஏறி இறங்கும். வாடிக்கையாளர் முகம் மலரும். பிறகு அந்த மெஷினில் மில்லிங் செய்து பார்த்தால் வெட்டிய பரப்பில் வரி வரியாகப் படிக்கட்டு விழும்.

ஏனென்றால் நாம் வாங்கும் உருட்டிச் செய்த பால் ஸ்குரூவில், ஒற்றை நட்டில், 0.03-லிருந்து 0.05 மி.மீ.வரை ஆட்டம் இருக்கும். கவுண்டர் வெயிட் இல்லாத மெஷினில் அந்த ஆட்டம் தெரியவே தெரியாது. 62 கிலோ எப்போதும் நட்டை ஒரே பக்கமாக அமுக்கி வைத்திருக்கிறது. அதாவது நாம் திட்டித் தீர்க்கும் எடைதான் நமக்குத் தெரியாமல் ஆட்டத்தையும் தின்றுகொண்டிருந்தது. அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் தலை அந்த 0.05-க்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். கட்டர் மேலே தள்ளினால் மேலே, கீழே இழுத்தால் கீழே.

ஆகவே கொஞ்சம் எடையை விட்டுவைக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? இங்கேதான் அந்த 12 கிலோ உள்ளே வருகிறது. தலை இறங்கும்போது உரசல் 12 கிலோவுக்கு மேல்நோக்கித் தடுக்கிறது. மிச்ச எடை 10 கிலோதான் என்றால் தலை தானாக இறங்காது. ஸ்குரூ அதைக் கீழே தள்ள வேண்டும். தள்ளும்போது நட்டின் மறுபக்கம் உட்காரும். ஏறும்போது இந்தப் பக்கம், இறங்கும்போது அந்தப் பக்கம், ஒவ்வொரு திருப்பத்திலும் 0.05 காணாமல் போகும். மிச்ச எடை உரசலைவிடக் கூடுதலாக இருந்தால், தலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். உரசல் 12, மேலே ஒரு 5 கிலோ கைக்காவல். மிச்சம் 17. கவுண்டர் வெயிட் 45 கிலோ.

கீழ்நோக்கி விடுவதற்குப் பதில், எடையைக் கூடுதலாகப் போட்டுத் தலையை மேல்நோக்கி இழுத்து வைத்தால் என்ன? அதுவும் ஆட்டத்தை ஒரு பக்கம் அமுக்கும்தானே? அமுக்கும். ஆனால் நம் எண்ட் மில்களின் சுருள் கட்டரைக் கீழ்நோக்கி இழுக்கும். கோலெட் சரியாக இறுகாவிட்டால் கட்டர் ஜாப்புக்குள் இறங்கிப்போவது அதனால்தான். மிச்ச எடையும் கீழே, கட்டரின் இழுப்பும் கீழே என்று இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் உட்காரும். எதிரெதிராக இருந்தால் கனமான கட்டில் பக்கம் மாறும். டிரில் வேறு சாதி. 8 மி.மீ. டிரில் எம்எஸ்ஸில் இறங்கும்போது நூறு கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். 17 கிலோ அதைத் தடுக்காது. துளையில் 0.05 ஆழம் யாருக்கும் தொந்தரவில்லை. முகம் வெட்டும் வேலையில் அதே 0.05 கண்ணுக்குத் தெரியும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். நாம் மில்லிங்குக்காக வைத்திருக்கும் மெஷின், ஆகவே கீழ்நோக்கி.

17 கிலோ மிச்சத்தில் இன்னொரு லாபம், கரண்ட் போகும்போது. உரசல் 12-ஐக் கழித்தால் தலையை உண்மையில் கீழே இழுப்பது 5 கிலோ. அது ஸ்குரூவைச் சுற்றும் டார்க் 0.04 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. கரண்ட் இல்லாத ஸ்டெப்பரின் காந்தப் பல்லே அதைப் பிடித்துக்கொள்ளும். எடை இல்லாத காலத்தில் அது 0.35 ஆக இருந்தது. அதைப் பிடிக்க அந்தப் பல்லுக்குத் தெம்பில்லை. ஒரே எண் மூன்று வேலை பார்க்கிறது. இதனால்தான் உரசலை அளக்காமல் எடை போடுகிறவர்களை நான் தடுப்பது.

எங்கே இழுக்கிறோம் என்பதும் எவ்வளவு என்பதற்கு ஈடான விஷயம். பால் ஸ்குரூ தூணை ஒட்டி இருக்கிறது. தலையின் கனமோ தூணிலிருந்து ஒரு சாண் முன்னால் தொங்குகிறது. செயினைத் தூணை ஒட்டி மாட்டினால் எடை குறையும், ஆனால் தலையின் முன்பாரம் அப்படியே இருக்கும். டவ்டெயிலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் குறுக்காக உரசித் தேயும், தலை பிடித்துப் பிடித்து விடும். இழுப்பு கனத்தின் நடுப்புள்ளி வழியாகப் போக வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத் தலையைக் கழற்றிச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, எந்த இடத்தில் கொக்கி மாட்டினால் மூக்குத் தாழாமல் சமமாக நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். அங்கே மாட்டிய பிறகு மறுபடி தராசு வைத்தால் உரசல் கொஞ்சம் குறைந்தே காட்டியது. அதற்கேற்ப எதிர் எடையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

செயினுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. டைமண்ட் செயின் செய்கிற ஊரில் இருக்கிறோம். அரை இஞ்ச் பிட்ச் ரோலர் செயின் ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். 45 கிலோவுக்கு அது தாராளம். ஆனாலும் இரண்டு செயின் போட்டேன். ஒன்று அறுந்தால் மற்றொன்று நிற்கட்டும். ஒயர் ரோப் என்றால் கப்பி பெரிதாக வேண்டும், 4 மி.மீ. ரோப்புக்கு 100 மி.மீ. கப்பி வைக்காவிட்டால் இழை இழையாக முறியும். செயினுக்குச் சின்ன ஸ்ப்ராக்கெட் போதும். ஸ்ப்ராக்கெட் தாங்கும் சட்டத்தைத் தூணின் தலையிலேயே போல்ட் போட்டு நிறுத்தினேன். கூரைக் கம்பியிலிருந்து தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; செய்யக் கூடாது. மெஷினும் கூரையும் ஒன்றாக அசைவதில்லை. சட்டத்தின் மேல் வரும் பாரமும் 45 அல்ல, இரண்டு பக்க இழுப்பும் சேர்ந்து 90 கிலோ.

எடைக்குப் புதுப்பேட்டை. "என்ன பாய், பிளேட் துண்டு இருக்கா?" என்று கேட்டால், "எதுக்கு சார், எத்தினி கிலோ?" என்பதுதான் பதில் கேள்வி. 12 மி.மீ. பிளேட்டை 150-க்கு 100 என்று கேஸ் கட்டிங் செய்து வாங்கினால் ஒன்று ஒன்றே கால், ஒன்றரை கிலோ வரும். நடுவில் துளை போட்டு ஒரு நெடும் போல்ட்டில் கோத்துவிட்டால் ஒவ்வொரு தட்டாகச் சேர்த்தும் எடுத்தும் சரிபார்க்கலாம். ஒற்றை உருளையாக வாங்கினால் 100 மி.மீ. ஷாஃப்டில் 73 சென்டிமீட்டர் நீளம். பார்க்க அழகு, திருத்த வழியில்லை. அடுக்கைத் தூணுக்குப் பின்னால் தகரப் பெட்டிக்குள் விட்டு, நாலு மூலையிலும் நைலான் கட்டை வைத்து ஆடாமல் ஓடவிட்டேன். பெட்டியைக் கட்டாயம் மூட வேண்டும். வீட்டுப் பட்டறை, பிள்ளைகள் கையை விடும் இடம். அடியில் பழைய டயர் ரப்பர் ஒரு துண்டு.

சோதனை எளிது. டயல் கேஜைத் தலையில் மாட்டி, ஒரே புள்ளிக்கு மேலிருந்து ஒரு தடவையும் கீழிருந்து ஒரு தடவையும் வரச் சொல்ல வேண்டும். மிச்சம் 17 கிலோவில் முள் 0.01-க்குள் திரும்பி வந்தது. தட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து மிச்சத்தை 10-க்குக் கொண்டுவந்தால் முள் சட்டென்று 0.04 தள்ளி நிற்கிறது. தட்டுகளை எடுத்தால் பழைய இடத்துக்கு வருகிறது. ஏறுவதற்கு வேண்டிய டார்க்கும் 0.95-லிருந்து 0.56-க்கு இறங்கியது. அந்தத் துளை பிளேட் வேலையில் ஆழம் பிறகு தாவவில்லை.

எடை போட்டாகிவிட்டது, பிரேக் வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. செயின் இரண்டும் அறுந்தால், ஜிப் தளர்ந்து உரசல் குறைந்தால், தலை இறங்கத்தான் செய்யும். கட்டரை மாற்றக் கையை அடியில் கொண்டுபோகிற மெஷினில் பிரேக் இருக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் செயினைக் கழற்றித் துருவைப் பார்த்து கிரீஸ் வைப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தராசு மாட்டி உரசலை மறுபடி எடுப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு.

இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒருவர் எம்1டிஆர் மில்லிங் மெஷினை மாற்றிக்கொண்டிருக்கிறார். அதில் தலை நிற்கும். மேஜையைச் சுமக்கும் நீ (knee) என்னும் பாகம்தான் ஏறி இறங்கும். நீ, சேடில், மேஜை எல்லாம் சேர்ந்து 200 கிலோவுக்குக் குறையாது. அதற்கு ஈடாக இரும்பு தொங்கவிட அவர் கொட்டகையில் இடமில்லை. காற்று சிலிண்டர்தான் வழி. 80 மி.மீ. போர் சிலிண்டர் 4 பாரில் 200 கிலோ தாங்கும். பக்கத்தில் லாரியின் ஏர் பிரேக் டேங்க் ஒன்றை, 20 லிட்டர் அளவில், சேர்த்துவிட்டால் நீ முழு நீளம் ஓடினாலும் அழுத்தம் பத்தில் ஒரு பங்குகூட மாறாது. ஆனால் அங்கே ஒரு புதுச் சிக்கல்: வைஸும் ஜாப்பும் மேஜையில் ஏறுவதால் எடை வேலைக்கு வேலை மாறும். 60 கிலோ ஜாப் வைத்த அன்று ஒரு அழுத்தம், வெறும் வைஸ் அன்று வேறு அழுத்தம். ரெகுலேட்டரில் இரண்டு கோடு போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

"சிலிண்டர் ஆர்டர் பண்ணிடட்டுமா அண்ணே?" என்று நேற்றும் போன் செய்தார். நீயின் உரசலை இன்னும் அளக்கவில்லை. கைப்பிடி இருக்கும் இடத்தில் டார்க் ரெஞ்சை மாட்டி, ஏற்றும்போது எவ்வளவு, இறக்கும்போது எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு எண்களும் வரட்டும். அதுவரை சிலிண்டர் வாங்க வேண்டாம்.